இரண்டு மீனாட்சிசுந்தரம், ஒரு தங்க அட்டை

போன வாரம் மீனாட்சிசுந்தரத்தை அச்சகத்து வாசலில் விட்டுவிட்டு வந்தோம். எழுபதாவது வயதுச் சாந்திக்கு எண்ணூறு பத்திரிகை அடித்து, தன் பெயருக்குக் கீழே ‘நீலஹம்சா ஏர்லைன்ஸ் ஆயுள் தங்க உறுப்பினர்’ என்று பொன்னெழுத்தில் போட்டு, காரைக்குடியையே கிடுகிடுக்க வைத்துவிட்ட நினைப்பில் அவர் வீடு திரும்பினார். முந்நூறு பத்திரிகை அதற்குள் ஊருக்குள் போய்விட்டது.

இந்த வாரம், இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, அந்தப் பொன்னெழுத்துக்கு வந்த ஆபத்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியது.

ஓட்டி வந்தவள் புஷ்பவள்ளி. கல்லுக்கட்டி பக்கம் டிராவல்ஸ் வைத்திருப்பவள். இந்த வீட்டில் யார் எந்த நாட்டுக்குப் பறந்தாலும் இருபது வருஷமாக அவள் கையால்தான் டிக்கெட்.

“அண்ணே, உங்க விமானக்காரன் சட்டத்தை மாத்திட்டான்” என்றாள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

“எந்தச் சட்டத்தை?”

“ஆயுள் சட்டத்தை. பத்து லட்சம் மைலு பறந்தா ஆயுளுக்கும் தங்க அட்டைன்னாகள்ல? ஒண்ணாந் தேதியில இருந்து பதினஞ்சு லட்சமாம்.”

மீனாட்சிசுந்தரம் சிரித்தார். “நமக்கென்ன? நாமதான் போன மாசமே பத்து லட்சத்து ரெண்டாயிரத்து முந்நூறு தொட்டாச்சே.”

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருபத்தெட்டு வருஷம் இருந்தது. ரப்பர் கையுறை வியாபாரத்துக்காக மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே அவர் நெய்த ஊடுபாவுக்கு அளவே கிடையாது. எந்தக் கம்பெனி பாதி விலைக்கு டிக்கெட் நீட்டினாலும் ஏறிட்டும் பார்க்க மாட்டார். நீலஹம்சாதான். மெட்ராஸில் இருந்து மதுரைக்கு வர நீலஹம்சா டெல்லி வழியாகத்தான் போகுமென்றால் டெல்லிக்கும் போய்த் திரும்புவார். அவர் நெஞ்சில் முதல் இடம் நீலஹம்சாவுக்கு, இரண்டாவது இடம் மனைவி கண்ணம்மைக்கு, அதுவும் ஜன்னலோர சீட் கிடைத்த நாட்களில் மட்டும் என்று மகள் சுபா டொரன்டோவில் இருந்து கேலி செய்வாள்.

“சிரிக்காதீக” என்றாள் புஷ்பவள்ளி. “உங்க பத்து லட்சத்துலயே சந்தேகமாம். நாலு பக்கத்துக்கு லிஸ்ட் அனுப்பியிருக்கான். அறுபத்தோரு தடவை நீங்க ஒரே நாள்ல ரெண்டு எடத்துல பறந்திருக்கீகளாம்.”

உள்ளேயிருந்து கண்ணம்மை வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள்.

“துபாய்க்கு எப்பப் போனீக?”

“நான் துபாய்க்கே போனதில்ல.”

“ஆகஸ்டு ஒன்பதுன்னு போட்டிருக்கு. எனக்கு முட்டி ஆபரேசன் நடந்த அன்னைக்கு. ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்து இட்லி தின்னது யாரு?”

“நான்தான்.”

“அப்ப பிளைட்டுல மீன் கொழம்பு கேட்டு வாங்கித் தின்னதாவும் போட்டிருக்கே, அது யாரு?”

மீனாட்சிசுந்தரம் ஒரு விநாடி தன்னையே சந்தேகப்பட்டார். முட்டையை ஜாடையாகப் பார்த்தால்கூட முகம் சுளிக்கிற சுத்த சைவம் அவர்.

தலைசுற்றலோடு கம்பெனிக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் வீணை இசை கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது.

“வணக்கம் சார், நான் கோபிநாத் பேசறேன்.”

“தம்பி, ஆயுள் அட்டைன்னு சொன்னீங்க. இப்பப் பாதியில மாத்தறீங்க. ஆயுள்னா யாரோட ஆயுள்?”

“திட்டத்தோட ஆயுள் சார்.”

“நான் நல்லாத்தானே இருக்கேன்? திட்டத்துக்கு என்ன வந்துச்சு?”

“திட்டத்தைப் புதுப்பிக்கிறோம் சார். உங்க விசுவாசத்தை மதிக்கத்தான்.”

“சரி, நான் எப்படித் தம்பி ஒரே நேரத்துல துபாய்லயும் மதுரை ஆஸ்பத்திரியிலயும்...”

“அதைத்தான் சார் நாங்களும் உங்ககிட்ட கேக்கறோம்.”

கோபிநாத் நல்ல பையன். பொறுமையாக ஒன்று சொன்னான். ஒரே பெயரில் வேறு யாராவது பறந்திருந்தால், அவரும் அதே வீட்டு முகவரியில் இருந்தால், புது விதியில் அதற்கு வழி உண்டு. இரண்டு பேரும் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டால் மைல்களைக் குடும்பக் கணக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்து வரும் மொத்தம் இந்த மாதம் முடிவதற்குள் பத்து லட்சம் இருந்தால் பழைய சட்டப்படி ஆயுள் தங்கம்.

“ஆனா கையெழுத்துப் போட்ட லிஸ்ட் இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்திடணும் சார். ஆறு ஒண்ணுக்கு வந்தா சிஸ்டம் எடுக்காது.”

போனை வைத்ததும் மூன்று பேரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். வளவு முற்றத்தைத் தாண்டி, இரண்டாங்கட்டின் கோடியில், பெரிய பூட்டுத் தொங்கும் நடுக்கதவை.

இந்த வீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இந்த வாசலில் தும்மினால் அந்த வாசலில் கேட்க அரை மணி ஆகும். கட்டிய அய்யாவின் பெயர் மீனாட்சிசுந்தரம். அவருக்கு இரண்டு மகன்கள், தேனப்பன், தண்ணீர்மலை. அய்யா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கப்படி இரண்டு மகன்களும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள். ஆக, தேனப்பன் மகன் டி. மீனாட்சிசுந்தரம் முன்கட்டில். தண்ணீர்மலை மகன் டி. மீனாட்சிசுந்தரம் பின்கட்டில். கதவு எண் ஒன்று. ஊரார் முன்கட்டார், பின்கட்டார் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். புஷ்பவள்ளியின் தடித்த நோட்டு அப்படிப் பிரிக்கவில்லை.

“என் நோட்டுல டி. மீனாட்சிசுந்தரம்னு ஒரே பக்கம்தாண்ணே. அதுல உங்க உறுப்பினர் நம்பர். யாரு வந்து கேட்டாலும் அந்த நம்பரைத்தான் போட்டிருக்கேன். அவரும் ஒரு நாளும் இதெல்லாம் கவனிச்சவர் இல்ல.”

பின்கட்டார் துறைமுகக் கிரேன்களுக்கு ஆலோசகர். எந்தத் துறைமுகத்தில் எந்தக் கிரேன் மூக்கைச் சிந்தினாலும் ஓடுவார். ஓடி ஓடி அவர் சேர்த்த மைல் அத்தனையும் ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் கணக்கில் விழுந்திருக்கிறது.

“ஒரு கையெழுத்துத்தானே? கேட்டா மாட்டேம்பாகளா?” என்றாள் கண்ணம்மை.

மீனாட்சிசுந்தரத்தின் கண் கடைசித் தாளில் இருந்தது. நான்காவது பக்கத்தில் முப்பத்தேழாவது வரியைப் படித்துவிட்டிருந்தார். படித்த இடத்திலேயே வேர்த்துவிட்டது.

மார்ச் பன்னிரண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.

அன்றைக்கு சித்தப்பா தண்ணீர்மலைக்கு உடம்பு மோசம் என்று இரண்டு மீனாட்சிசுந்தரத்துக்கும் ஒரே நேரத்தில் போன் போனது. தம்பி சிங்கப்பூரில் இருந்து நேரே திருச்சிக்கு வந்து இறங்கினார். கோலாலம்பூரில் இருந்த அண்ணன் மறுநாள் மாலை வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் இருந்து எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். டிக்கெட்டே கிடைக்கவில்லை என்றார். தம்பி திரும்பி உள்ளே போனார். அடுத்த வாரம் நடுக்கதவுக்குப் பூட்டு வந்தது.

அந்த வரியில் நடந்தது நடந்தபடி இருந்தது. கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு, சென்னை. பக்கத்தில் இரண்டே வார்த்தை: ‘இரட்டை மைல்’. மொத்தம் ஐயாயிரத்து முந்நூறு.

கையெழுத்துக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் அந்த இரண்டு வார்த்தையைத் தம்பி படிப்பார். காட்டாவிட்டால் ஆயுள் தங்கம் போச்சு. முந்நூறு வீட்டுப் பத்திரிகையில் பொன்னெழுத்துப் பல்லிளிக்கும்.

யோசித்து யோசித்து மூன்று மணிக்கு அவருக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. மூன்று பக்கத்தில் கையெழுத்து வாங்கி வருவது. நான்காவதை ‘பிரிண்டர்ல மாட்டிக்கிச்சு’ என்று சொல்லிக் கம்பெனிக்காரனிடம் கெஞ்சிப் பார்ப்பது. அந்தப் பக்கத்தை நான்காக மடித்துப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் செருகினார். மூன்று பக்கத்தைப் பைலில் வைத்து மேசைமேல் போட்டுவிட்டு வேட்டி மாற்ற அறைக்குள் போனார்.

விறைப்பான வேட்டி, விபூதி, கொஞ்சம் சென்ட். கண்ணாடி முன்னால் ‘தம்பி, சௌக்கியமா?’ என்று ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்தார். 

வெளியே வந்தால் மேசைமேல் பைலைக் காணோம்.

“கண்ணம்மை, இங்க இருந்த பைலு எங்குட்டு?”

“குடுத்து விட்டுட்டேன்.”

“யாருகிட்ட?”

“உங்க தம்பி பொண்டாட்டி நாச்சியம்மைகிட்டத்தான். பின்கட்டுல குடுக்கணும்னீகள்ல? மூணு பக்கந்தான் இருந்துச்சு. நாலாவது பத்திரிகைக்கு அடியில சுருண்டு கெடந்துச்சு. நீவி விட்டு, நாலையும் வரிசையா பின்னு குத்திக் குடுத்துட்டேன்.”

மீனாட்சிசுந்தரம் பத்திரிகைக் கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“எப்படிக் குடுத்தே?”

“நடுக்கதவைத் திறந்துதான்.”

“அது பூட்டியில்ல இருக்கு?”

“ஒங்களுக்குப் பூட்டி இருக்கு” என்றாள் கண்ணம்மை சாவகாசமாக. “சாவி எங்க ரெண்டு பேருகிட்டயும் இருக்கு. அவ வீட்டுக் கவுனி அரிசி இங்குட்டு வரும், நம்ம வீட்டு வெள்ளைப் பணியாரம் அங்குட்டுப் போகும். ஒன்பது வருசமா வெள்ளிக்கிழமைதோறும் நீங்க ஆகா ஓகோன்னு தின்ன கவுனி அரிசி பின்னே எங்க இருந்து வந்துச்சு?”

இன்றைக்கு அவருக்கு எதுதான் புரிந்தது, இது புரிவதற்கு? அவர் இரண்டு ஆகாயத்தில் ஒரே நேரத்தில் பறந்திருக்கிறார். பூட்டிய கதவு வழியாகச் சோறு வந்திருக்கிறது.

நடுக்கதவு இப்போது ஒருக்களித்துத் திறந்திருந்தது. எட்டே எட்டு எட்டு வைத்தால் பின்கட்டு. அவர் அந்தக் கதவைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். வழக்கம் விடவில்லை. வெயிலில் தெருவைச் சுற்றி, கோயில் ஊருணியைச் சுற்றி, அடுத்த தெருவுக்குப் போய், பின்வாசலை அடையும்போது மணி நாலரை.

பின்கட்டார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயதில் அண்ணனை அச்சில் வார்த்த மாதிரி முகம், மீசை மட்டும் கூடுதல். மடியில் பைல். கையில் பேனா.

“வாங்க” என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் சொல். ஏழு விதமாக ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட மீனாட்சிசுந்தரத்தின் வாயில் வரவில்லை. உட்கார்ந்தார்.

“அண்ணமிண்டி எல்லாம் எழுதி அனுப்பிச்சிருந்தாக” என்றார் தம்பி. அண்ணி கண்ணம்மை பின் குத்தியதோடு நிற்காமல் சீட்டும் எழுதியிருக்கிறாள். “மூணு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு அந்த மைலு எதுக்கு? நீங்களே வச்சுக்கங்க.”

“தம்பி...”

“நாலாவது பக்கத்துல ஒரு வரி எனக்குப் புரியல. நீங்க சொன்னாத்தான் புரியும்.” பேனா முனை முப்பத்தேழாவது வரியில் வந்து நின்றது. “அன்னைக்கு டிக்கெட்டே இல்லைன்னு சொன்னீக. இங்க நாலு ஊரு போட்டிருக்கு. பக்கத்துல இரட்டை மைல்னு இருக்கு. அது என்னண்ணே?”

மீனாட்சிசுந்தரத்தின் மூளை ஒரே மூச்சில் ஒரு புயலையும், ஒரு விமான நிலைய வேலைநிறுத்தத்தையும், பாங்காக்கில் ஒரு பூகம்பத்தையும் தயார் செய்தது. பூகம்பம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தம்பி தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். சித்தப்பாவும் அப்படித்தான் சாய்த்துக்கொண்டு கேட்பார்.

“நேரா வர்ற பிளைட்டுல எடம் இருந்துச்சு” என்றார் மீனாட்சிசுந்தரம். “வேற கம்பெனி. அந்த மாசம் நீலஹம்சாவுல சுத்தி வந்தா ரெண்டு மடங்கு மைலு. சித்தப்பாவுக்கு எப்பவும் வர்ற இளைப்புத்தான்னு நெனச்சேன். ஒரு நாளுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

தம்பி பேனாவை மூடிப் பைல்மேல் வைத்தார்.

“நான் வந்தப்ப அப்பச்சிக்கு நெனவு இருந்துச்சு” என்றார் தம்பி, தன் அப்பாவைச் சொல்லி. “ராத்திரியெல்லாம் மீனாட்சிசுந்தரம் வந்துட்டானா, மீனாட்சிசுந்தரம் வந்துட்டானான்னு கேட்டாக. எல்லாரும் என்னைப் பிடிச்சு முன்னால நிறுத்துனாக. நான் குனிஞ்சு, வந்துட்டேன் அப்பச்சின்னேன். என்னைப் பாத்துட்டு, ‘நீ இல்லப்பா... முன்கட்டுப் பய’ன்னாக.”

மீனாட்சிசுந்தரம் தரையைப் பார்த்தார்.

“மறுநாள் நாலு மணி வரைக்கும் வச்சிருந்தோம்ணே. டிக்கெட் கெடைக்கல, பாவம், எப்படியாவது வந்துருவாகன்னு எல்லாருகிட்டயும் நான்தான் சொன்னேன்.”

“பேனாவைக் குடு தம்பி.”

கொடுத்தார். மீனாட்சிசுந்தரம் பைலைத் தன் மடிக்கு இழுத்து முப்பத்தேழாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று இன்னொரு கோடு. தாள் கிழியும் அளவுக்கு மூன்றாவது. பக்கத்தில் ‘இது வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிரேன்காரருக்குக் கணக்கு சட்டென்று வந்துவிடும். “அண்ணே, அதை அடிச்சா ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரம்தான் நிக்கும். மூவாயிரம் குறையும். அட்டை போயிரும்.”

“போகட்டும்.”

“ஊரெல்லாம் பத்திரிகை குடுத்திருக்கீக.”

“ஒவ்வொரு வீடா போயி பேனாவால அடிச்சுட்டு வர்றேன். எண்ணூறுல முந்நூறுதானே போயிருக்கு.”

தம்பியின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறு எதுவுமா, தெரியவில்லை. நான்காவது பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். பைலை மூடினார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மாசக் கடைசிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. முப்பதாந் தேதி நான் கோலாலம்பூர் போறேன், மறுநாளே திரும்பறேன். இப்பத்தான் நீலஹம்சாவே திருச்சியில இருந்து அங்க நேரா விடறானே. போக வர மூவாயிரத்து முந்நூறு மைலு.”

“அதுக்கு?”

“பக்கத்து சீட்டுல வாங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீக. ஒன்பது வருசமா உங்களைத் திட்டணும்னு சேத்து வச்சிருக்கேன். போகையில நாலு மணி நேரம், வரையில நாலு மணி நேரம். எந்திரிச்சு ஓட முடியாதுல்ல?”

“நேரா போற பிளைட்டுதானே?”

“நேரா.”

“வர்றேன்” என்றார் மீனாட்சிசுந்தரம்.

திரும்பிப் போகையில் அவர் பின்வாசல் பக்கம் போகவில்லை. தம்பி முன்னால் நடக்க, நடுக்கதவு வழியாக எட்டு எட்டில் தன் வீட்டுக்குள் வந்தார். எண்ணிப் பார்த்தால் ஏழரைதான். வளவில் கண்ணம்மையும் நாச்சியம்மையும் ஒரே தாம்பாளத்தில் முறுக்குக்கு எள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறிட்டுப் பார்த்தார்கள், மறுபடி எள்ளைப் பார்த்தார்கள்.

புஷ்பவள்ளி வந்து பைலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு லிஸ்ட் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கும் ஒரு டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் போயிருந்தாள்.

ஆறே காலுக்குப் போன் வந்தது. மீனாட்சிசுந்தரம் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ஒரு சிக்கல்” என்றாள் புஷ்பவள்ளி. குரலில் பாதி அழுகை. “அதே பிளைட்டு, அதே பேரு, அதே வீடு, அதே நம்பர். ஒரே ஆளு தப்பா ரெண்டு டிக்கெட் போட்டுட்டான்னு சிஸ்டம் ஒண்ணை அழிச்சுருச்சு. எந்த மீனாட்சிசுந்தரத்தை அழிச்சுச்சுன்னு கோபிநாத்துக்கே தெரியலையாம். அழிச்ச சீட்டையும் வேற யாரோ எடுத்துட்டாகளாம். பிளைட்டு புல்லு. இப்ப உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. யாருன்னு இப்பவே சொல்லணும். போறது யாரு?”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனைப் பார்த்துக் குனிந்து, ஒரே குரலில் சொன்னார்கள்.

“மீனாட்சிசுந்தரம் போகட்டும்!”

அந்தப் பக்கம் தடித்த நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது.

“எந்த மீனாட்சிசுந்தரம்?” என்றாள் புஷ்பவள்ளி.